ஹேசல்ராய்ட் வம்சம்

"கொஞ்சம்கூட ஒத்துப்போகலையா? நல்லாப் பாத்தியா, டோரீன்?"

கூடத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த கணவர் வில்ஃப்ரெட்டின் குரல் கம்மியது. சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மியூரியலின் கை அப்படியே நின்றது. இத்தனை வருஷமாகப் பயந்த நாள் வந்தேவிட்டது.

எல்லாம் இந்தக் குடும்பப் பெயர்ப் பைத்தியத்தால் வந்த வினை! எழுநூறு வருஷத்துக்கு முன்னால் யார்க்‌ஷயர் மலைச்சரிவில் எவனோ ஒருவன் ஹேசல் மரக் காட்டை வெட்டித் திருத்தி உழுதானாம். அந்த இடத்தின் பெயரே அவன் பெயராகிவிட்டதாம். உலகத்தில் ஹேசல்ராய்ட் என்று எவன் இருந்தாலும் அந்த ஒருவனின் வம்சம்தான் என்று மேடைக்கு மேடை முழங்குவார் வில்ஃப்ரெட். அந்தப் பெயர்க்காரர்கள் கூடி நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், டோரீன் செயலாளர்.

அதை நிரூபிக்கத்தான் மரபணுச் சோதனை. கன்னத்தின் உள்ளே பஞ்சுக்குச்சியால் தேய்த்து அப்பாவும் மகனும் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். வில்ஃப்ரெட் முதல் ஆளாக அனுப்பிவிட்டார். லீட்ஸில் இருக்கும் மகன் நைஜலோ, கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு அனுப்புறேன்ப்பா" என்பான். அவன் சோம்பேறித்தனம் நீடிக்கட்டும் என்று மியூரியல் வேண்டாத நாளில்லை.

பாவி, அனுப்பித் தொலைத்துவிட்டானே!

வில்ஃப்ரெட் உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு சொட்டு ரத்தம்கூட ஹேசல்ராய்ட் இல்லையாம், மியூரியல். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எந்த மூஞ்சியோட நிப்பேன்? ஊரே சிரிக்கும்."

அவமானத்தில் மியூரியலுக்கு உடம்பே கூசியது. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு. நைஜல் மேல கோவப்படாத. அவன் என்ன பண்ணுவான், பாவம்."

வில்ஃப்ரெட் நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தார்.

"இரு, நான் சொல்லி முடிச்சிடறேன். இப்ப விட்டா அப்புறம் தைரியம் வராது." அவள் தரையைப் பார்த்தே பேசினாள். "நீ வடகடல்ல எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போன குளிர்காலம். தனியாக் கிடந்தேன். புத்தி கெட்டுப் போச்சு. யாருன்னு மட்டும் கேக்காத, அந்த ஆள் செத்தே போயிட்டான். நீ நைஜலைத் தோள்ல தூக்கி வச்சு, 'ஹேசல்ராய்ட் சிங்கக்குட்டி'ன்னு ஊரெல்லாம் காட்டுவியே, அப்பல்லாம் கூனிக் குறுகிப் போவேன். என்னை மன்னிச்சிடு, வில்ஃப்ரெட்."

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். அவர் அவளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைஜல் இன்னும் அனுப்பவே இல்லையே, மியூரியல்... டோரீன் சொன்னது என்னோட சோதனை முடிவு."