நெற்றியைத் தாங்கிய கை

லிஃப்ட் மெக்கானிக் குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது. மருத்துவமனையில் குமட்டல் மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யும் நேரம் பார்த்து மதுவை முகரவைத்தார்கள். பத்தே நாளில், வாடை பட்டாலே குடல் புரண்டது. ஒவ்வொரு முறை வாந்தியெடுத்தபோதும் மனைவிதான் பின்னால் நின்று நெற்றியைத் தாங்கிக்கொண்டாள்.

போன வருடம் அவள் கண்ணை மூடினாள். வீட்டில் அவரோடு பேச டிவி மட்டும்தான் மிஞ்சியது.

சென்ற மாதம், வேலைக்குப் போன ஹோட்டலில் யாரோ பாட்டிலைப் போட்டு உடைக்க, வாடை குப்பென்று அடித்தது. கைகழுவும் தொட்டிக்கு ஓடிக் குனிந்தார். ஈரமான உள்ளங்கை ஒன்று நெற்றியைத் தாங்கியது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில் அவர் மட்டும்தான் இருந்தார்.

மறுநாளே ஒரு பாட்டில் வாங்கினார். தினமும் வேலை முடிந்து வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்தார். வாந்தி வந்தது. கையும் வந்தது.

பார்க்க வந்த மகள் பாட்டிலைக் கண்டு இடிந்துபோனாள்.

"அப்பா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஒரு சொட்டு குடிக்கலம்மா. சும்மா மோந்து பாக்கத்தான்."

"யாருக்குக் காது குத்துறீங்க?"

அழுதுகொண்டே போய்விட்டாள். 

நாளாக ஆகக் குமட்டல் குறைந்தது. கையும் லேசாகி, கடைசியில் விரல்நுனிகள் மட்டுமே பட்டன. நேற்று மாலை பாட்டிலை முகர்ந்துவிட்டு, தொட்டியின் மேல் குனிந்தபடி நெடுநேரம் காத்திருந்தார்.

குமட்டல் வரவில்லை. நாக்கில் எச்சில் ஊறியது.