லிஃப்ட் வராத நாள்

ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் லிஃப்டும் மாடிப்படிக்கட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஊழியர்கள் எல்லோரும் லிஃப்டில்தான் போவார்கள். படிக்கட்டுக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஒரு நாள் முற்பகலில் மூன்றாம் மாடியில், தேர்வுப் பிரிவில் தீப்பிடித்தது. அபாய மணி அடித்ததும் லிஃப்ட் நேரே தரைத்தளத்துக்கு இறங்கி, கதவைத் திறந்துவைத்து நின்றுவிட்டது.

மூன்றாம் மாடியில் கண்காணிப்பாளர் தணிகைவேல் பொத்தானை விடாமல் அழுத்தினார். அவருக்கு முழங்கால் வலி.

"தினமும் வருவியே, இன்னைக்குப் பார்த்து ஏமாத்துறியே, சனியனே!" என்று கத்தினார்.

"மன்னிச்சிடுங்க சார். இன்னைக்கு நான் வர மாட்டேன். படியில இறங்குங்க" என்றது லிஃப்ட்.

"வாங்க சார், நான் இருக்கேன்" என்று படிக்கட்டு கூப்பிட்டது. தட்டச்சர் ரெஜினா அவருக்குத் தோள் கொடுத்தாள். இருவரும் மெல்ல மெல்ல இறங்கி வாசலைத் தாண்டியபோது மின்சாரம் நின்றது. லிஃப்ட் ஏறி இறங்கும் குழி முழுக்கப் புகை நிறைந்துவிட்டது.

வெளியே மைதானத்தில் பெயர்களை வாசித்தார்கள். முப்பத்தாறு பேரும் இருந்தார்கள்.

தீ அணைந்த பிறகு படிக்கட்டு கேட்டது: "அவ்வளவு திட்டு வாங்கிட்டு அசையாம நின்னியே! என்னால முடிஞ்சிருக்காது. எப்படி உனக்கு மனசு வந்தது?"

"கஷ்டமாத்தான் இருந்தது" என்றது லிஃப்ட். "பதினோரு வருஷமா எனக்குள்ள நின்னு பாட்டு முணுமுணுக்கிறவர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் போகல."