நீளும் பாட்டு

காதலையும் இறைவன்மீதான ஈமானையும் பற்றி றுமைஸ் பாடிய ராக் அல்பத்தை, அவன் மௌத்தானபின், விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்த மனைவி ஹுஸ்னியா தினமும் போனில் கேட்டாள். கடைசிப் பாட்டு பாதியில் நிற்கும். பதிவின் நடுவே அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் கிட்டாரை வைத்துவிட்டு, "கொஞ்சம் பொறு புள்ள, தொழுதுட்டு வாறன்" என்று அவளிடம் சொல்லியிருந்தான். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் லொறி மோதியது.

அத்துடன் முடிந்த பதிவு நாளுக்கு நாள் நீண்டது. முதலில் பள்ளிவாசலின் இரைச்சல் வந்தது. பிறகு மணலில் செருப்புச் சத்தம். பிறகு கேட் திறந்தது.

"இத்தாவில பாட்டாடி கேக்காய்?" என்று அவளோடு கூடப்பிறந்த ராத்தா அதட்டினாள்.

"பாட்டு எங்க ராத்தா, அவரு நடந்து வாறாரு."

இத்தா முடிந்த அன்று காலை கிட்டாரை எடுக்கும் ஓசை கேட்டது. பிறகு அவன் குரல்.

"இத்தா முடிஞ்சிட்டா புள்ள?"

"இல்ல," என்றாள் ஹுஸ்னியா, பதிவு அத்துடன் நின்றுவிடக் கூடாதென்று. "இன்னும் இரிக்கன்."