கோயில் ஸ்பீக்கரில் ஹெவி மெற்றல்

திருவெம்பாவை ஒலிக்க வேண்டிய விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரில் ஹெவி மெற்றல் பாட்டு அலறியது. கோயில் தலைவர் கதிரவேலு சால்வையும் இல்லாமல் ஓடி வந்தார்.

உள்ளே ஆரபியும் பிரவீணனும் ஒரு போனுக்காக இழுபறிப்பட்டார்கள்.

“அண்ணைக்கு மெற்றல் விசர் பிடிச்சதே அயன் மெய்டன் பாண்டாலைதான்!” என்றாள் ஆரபி.

“போடி. உன்ரை அண்ணன் கஜீவன்ரை உயிர் மெற்றாலிக்கா. நான் அவன்ரை கூட்டாளி, எனக்குத் தெரியாதோ?”

“உங்கடை பேய்க்கூத்துக்குக் கோயில்தானோ கிடைச்சது?” கதிரவேலு வயரைப் பிடித்தார்.

ஆரபி அவர் கையைத் தட்டிவிட்டாள். “கழட்டாதேங்கோ மாமா! அண்ணை வள்ளத்தோடை கடலிலை நிக்கிறார். பனிமூட்டத்திலை கரை தெரியேல்லையாம், மண்ணெண்ணெயும் முடியப்போகுதாம். சொல்லேக்கையே போன் செத்திட்டுது.”

“அதுக்குத் திருவெம்பாவையைப் போடலாமே?”

“திருவெம்பாவை கரை முழுக்க எல்லாக் கோயிலிலையும் போகுது. எங்கடை கரை எதெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

கதிரவேலு வயரை விட்டார். சத்தத்தைக் கடைசி மட்டும் திருகினார்.

“என்னடா பாக்கிறியள்? கத்த விடுங்கோ!”

மூன்று பாட்டுப் போயிற்று. நாலாவதைத் தேடிய இடைவெளியில், பனிக்குள்ளிருந்து ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது.

“விசருகளே, உதை நிப்பாட்டிப்போட்டு பிளாக் சபாத்தைப் போடுங்கோடா!”