பிரிக்காத மைக்

“மேடம், உங்க ஆளு கூப்பிடுறது அவருக்கே கேக்காது! எங்கப்பா ஒரு மணி நேரமா உக்காந்திருக்கார்!”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதிகாரியம்மா பொறுப்பேற்று மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் இது ஐந்தாவது புகார். ஐந்தும் ஒரே ஆள் மேல்.

“யாரு, ரெண்டாவது கவுண்டரா?”

“அவரேதான். முணுமுணு!”

அது வருகிறவர்கள் வைத்த பெயர். முதல் கவுண்டர்காரருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு விண்ணப்பங்களை முடிப்பார். முணுமுணு முக்கி முனகி முடிப்பது ஆறு.

‘இரண்டு எழுத்தர்களில் ஒருவரை எங்கள் கோப்பு அறைக்கு அனுப்பவும். பெயர் இன்று மாலைக்குள் வர வேண்டும்’ என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. அதிகாரியம்மாவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காலையிலேயே முணுமுணுவின் பெயரைப் போட்டுக் கடிதம் அடித்தாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

“கூட வந்தவங்களை வேற வெளிய நிறுத்திடறார் மேடம். பக்கத்துல இருந்தா நானாவது அப்பாவைத் தொட்டுச் சொல்லியிருப்பேன். ஜன்னல் வழியாப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குது!”

“வாங்க, நானே கேக்கறேன்.”

கூடத்தில் பதினோரு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில், முதுகு வளையாமல், கையில் பதினேழாம் எண் சீட்டோடு அந்தப் பெண்ணின் அப்பா.

முணுமுணு குனிந்த தலை நிமிராமல், “பதினேழு,” என்றார். பெரியவர் அசையவில்லை. முணுமுணு காகிதத்தில் ஒரு கோடு போட்டார்.

“பதினேழு.” இன்னொரு கோடு.

அதிகாரியம்மா வந்த முதல் வாரமே வாங்கிக் கொடுத்த மைக், பிரிக்காத அட்டைப்பெட்டியோடு மேஜைக்கடியில் கிடந்தது. அதன் மேல் முணுமுணுவின் டிபன் பாக்ஸ்.

“சார்!”

கூடமே அதிர்ந்தது. தலைகள் சட்டென்று திரும்பின.

“மைக் எதுக்கு வாங்கிக் குடுத்தேன்? டிபன் வைக்கவா?”

“அது வேண்டாம் மேடம். வேலை கெட்டுடும்.”

“எது, இந்த ஆறு விண்ணப்ப வேலையா? கோப்பு அறைக்கு உங்க பேர்தான் போகுது. அங்க யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.”

முணுமுணு கெஞ்சவில்லை.

“போறேன் மேடம். பதினேழை மட்டும் முடிச்சுட்டுப் போறேன்,” என்று ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். ‘உடல் குறைபாடு: இல்லை’ என்றிருந்தது. கீழே பெரியவரின் கையெழுத்து.

“போன வாரம் பக்கத்து கவுண்டர்ல எழுதினது. காது எப்படின்னு கேட்டிருக்காங்க. ‘எறும்பு நடந்தாலும் கேக்கும்’னு சொல்லியிருக்கார். இருபது வருஷம் பீரங்கி பக்கத்துல நின்ன மனுஷன் மேடம். மனசு கேக்கலை. நான்தான் மறுபடி வரச் சொன்னேன்.”

“அதுக்கு?”

“இவங்க வாயில ‘முடியலை’ங்கற வார்த்தை வராது. கேட்டா, ‘நல்லாயிருக்கேன்’தான். அதை அப்படியே எழுதிட்டா டாக்டர் கிடையாது, காது மெஷின் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. அதனால நான் கேக்கறதில்லை. மெதுவாக் கூப்பிட்டுப் பாக்கறேன். திரும்பலைன்னா ஒரு கோடு. பக்கத்துல சொந்தக்காரங்க இருந்தா தொட்டுச் சொல்லிடுவாங்க.” முன் வரிசையைக் காட்டினார். “இப்ப நீங்க போட்ட சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினாங்க. அவரைப் பாருங்க.”

பெரியவர் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “டிவியை அலற விடுவார்... கேட்டா டிவிதான் ரிப்பேர்ம்பார்...”

முணுமுணு எழுந்து போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தொட்டு, காதருகே பேசினார்.

“ஐயா, காது டாக்டரைப் பாக்கணும். சீட்டு தரேன்.”

“எனக்கெதுக்கு? எனக்கு ஒண்ணுமில்லையே!” கூடம் முழுக்கக் கேட்டது.

“எல்லாரும் போகணுமாம் ஐயா. உத்தரவு.”

“உத்தரவா?” பெரியவர் விறைப்பாக எழுந்து நின்றார். “அப்படின்னா சரி!”

அதிகாரியம்மா அறைக்குள் போனார். காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், டிபன் பாக்ஸை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

“வேகமான ஆளைத் தலைமை அலுவலகமே வெச்சுக்கட்டும். நீங்க பதினெட்டைக் கூப்பிடுங்க சார்... மெதுவா.”