எட்டாம் நம்பர் பவுடர்

"நேசமலரக்கா, உங்கட ஆள் வாறார்," என்றாள் கூட வேலை செய்யும் மேபல்.

நேசமலர் நிமிரவில்லை. வத்தளையிலிருந்து கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, இறக்கி, அடையாள அட்டை பார்த்து ஏற்றியிருந்தார்கள். அழகுசாமான் கடைக்கு வந்து சேரவே பத்தரை. கால் கடுத்தது.

மேபல் சொன்ன ஆள் ஸ்ரனிஸ்லாஸ். ஐம்பது தாண்டிய மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட், விரலில் கலியாண மோதிரம். மாதத்தில் இரண்டு தரம் வருவார். வாங்குவது பெண்கள் முகத்துக்குப் போடும் பவுடர். அதிலும் எட்டாம் நம்பர். அந்தக் கொம்பனி செய்வதிலேயே மலிவானது, கறுத்த நிறம்.

அதை வேறு யாரும் கேட்பதில்லை. நேசமலரைவிடக் கறுத்தவர்களும் ஆக வெள்ளையான ஒன்றாம் நம்பரைத்தான் கேட்பார்கள். நேசமலரும் அதைத்தான் பூசிக்கொண்டு வருவாள். முகத்துக்கும் கழுத்துக்கும் இடையில் கோடு போட்டது போலத் தெரியும்.

"தங்கச்சி, கையை ஒருக்கா நீட்டுங்கோ," என்பார் ஸ்ரனிஸ்லாஸ். டப்பாவைத் திறந்து அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். "உங்கட நிறத்துக்கு இது பொருந்தும், என்ன?"

முதல் தரம் நீட்டினாள். இரண்டாம் தரம் மேபல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வீட்டுக்காரிக்கா, அங்கிள்?" என்று மேபல் ஒருநாள் கேட்டும் விட்டாள்.

"இல்லை. அவ நல்ல வெள்ளை."

"அப்ப மகளுக்கா?"

"எனக்கு ரெண்டும் பெடியங்கள்."

அவர் போனதும் மேபல் முடிவு கட்டிவிட்டாள். "துறைமுகப் பக்கம் லொட்ஜ் ஒண்டில பொம்பிளையளை வைச்சிருக்கிறார் அக்கா. தேயிலைத் தோட்டத்திலயிருந்து வேலைக்கெண்டு கூட்டிவந்த பிள்ளையளா இருக்கும். பாவங்கள்."

அதற்குப் பிறகு அவரைக் கண்டாலே நேசமலருக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றும் நேரே அவளிடம்தான் வந்தார்.

"எட்டாம் நம்பர் ரெண்டு தாங்கோ, தங்கச்சி."

"முடிஞ்சுது." பன்னிரண்டு டப்பா கவுண்டருக்குக் கீழே இருந்தது.

"திரும்ப வருமோ?"

"வராது. இனிச் செய்யிறேல்லையாம்."

அவர் அப்படியே நின்றார். "வெள்ளவத்தை வரைக்கும் போய்ப் பாத்திட்டன், தங்கச்சி. ஒரு கடையிலயும் இந்த நிறம் இல்லை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

கடைசியில் மூன்றாம் நம்பரில் ஒன்றை எடுத்தார். நல்ல ரோசா நிறம். அதை இரண்டு மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொண்டு போனார்.

"நல்லாச் செய்தியள் அக்கா," என்றாள் மேபல்.

அன்று முழுக்க நேசமலருக்குக் கால் கடுப்பே தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து, காலையில் சனம் வேலைக்குப் போகிற நேரத்தில் பஸ் ஒன்றில் குண்டு வெடித்தது. இரண்டு நாள் கடை பூட்டு. மூன்றாம் நாள் திறந்தும் சனமில்லை. முதலாளி ஸவாஹிர் கல்லாவில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். சேட் கசங்கியிருந்தது. முகம் வழித்து இரண்டு மூன்று நாள் இருக்கும்.

"எட்டாம் நம்பர் ஏதும் வந்ததோ, தங்கச்சி?"

அவள் வாய் திறக்குமுன் ஸவாஹிர் முந்திக்கொண்டார். "கீழ ஒரு பெட்டி ஈக்கிதே! எடுத்துக் குடுங்க புள்ள. ஆரும் வாங்காத சாமான்."

நேசமலர் பெட்டியை எடுத்துக் கவுண்டரில் தொப்பென்று வைத்தாள். "எத்தனை?"

"எல்லாம் வேணும்."

அவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "உங்களிட்ட எத்தனை பொம்பிளையள், அங்கிள்?"

ஸவாஹிர் பேப்பரை இறக்கினார்.

"ஒன்பது," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"வெக்கமில்லாமச் சொல்றியள்! அதுகளும் ஒரு தாய் பெத்த பிள்ளையள்தானே?"

"ஓம், தங்கச்சி. தாய்மார் பின்னேரம் வருவினம். அதுதான் அவசரப்படுறன்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் மலர்ச்சாலையில வேலை. செத்த ஆக்களைப் பெட்டியில வைக்க முதல் முகம் கழுவி, பவுடர் பூசி விடுறது நான்தான். சொன்னால் கடைகளில சாமான் தொட விடமாட்டினம். அதால சொல்றேல்லை. இது குண்டு வெடிச்ச பஸ்ஸில போன கார்மென்ட் ஃபக்டரிப் பிள்ளையள்."

மேபல் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

நேசமலரின் கை பெட்டியிலேயே இருந்தது. "அப்ப... அண்டைக்குக் கொண்டுபோன மூண்டாம் நம்பர்?"

"அது வேற பிள்ளை. வீட்டு வேலைக்கு வந்த இடத்தில காய்ச்சலில போனது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாள்கணக்கில் நித்திரை கொள்ளாதவர் கதைப்பது போலத்தான் கதைத்தார். "வேற இல்லையெண்டு அதைத்தான் பூசினன். தாய் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலயிருந்து வந்தவ. கிட்ட வந்து குனிஞ்சு பாத்தா. 'இது எம்புள்ள இல்லீங்க ஐயா, எம்புள்ள கறுப்புங்க' எண்டு சொல்லி என்னைக் கும்பிட்டுப்போட்டு, சிரிச்சுக்கொண்டு வெளியால போனா. நான்தான் பின்னால ஓடிப்போய், கையில பிடிச்சுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தனான்."