ஒரே அழுத்து

வரவேற்பில் போட்ட கழுத்து மாலையைக் கழற்றாமலேயே, கணினிகளைச் சீரமைக்க வந்த பிரதாபன் சேர் பொத்தானை அழுத்துகிறார். "ஒரே அழுத்து, எல்லா கம்பியூட்டருக்கும் புது செட்டிங்! நானே எழுதின ஸ்கிரிப்ட்டு." வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக் கணினி அறை அவரை வாய்பிளந்து பார்க்கிறது. சற்று நேரத்தில் இணையவழி நேர்முகத் தேர்வுக்கு உட்கார வேண்டிய தர்ஷிகா மட்டும் திரையையே பார்க்கிறாள். ஸ்கிரிப்ட் என்ற அந்தக் கட்டளைத் தொகுப்பு அவர் எழுதியபடியே பழைய இணைய இணைப்பைத் துண்டிக்கிறது. புதிய அமைப்பை இணையத்திலிருந்து இறக்கச் சொல்லியிருப்பதால், இல்லாத இணையத்துக்காகக் காத்து நிற்கிறது. திரைதோறும் சின்ன வட்டம் சுற்றுகிறது. "சேர், என் இன்டர்வியூங்க..." "பொறும்மா, தானா வரும்." மாலையிலிருந்து செவ்வந்தி இதழொன்று விசைப்பலகையில் விழுகிறது, அதை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி அழுத்துகிறார். சன்னல் கண்ணாடியில் பனி ஏறுகிறது. வேலை முடிந்ததென்று நினைத்துத் தோட்டத்து மேலாளரான துரை கைதட்ட, அறையே தட்டுகிறது. துரை பார்க்கிறாரே என்று தர்ஷிகாவும் தட்டுகிறாள்.